மலையகத்து வீட்டுக்கு எந்தக் கார்டியோ மெஷின்? முதன்முதலாக வாங்குபவர்களுக்கு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் ஒருவர் வீட்டுக்கு உடற்பயிற்சி மெஷின் வாங்கப் போகிறேன் என்று சொன்னால், முதலில் வரும் கேள்வி இதுதான்: "இந்த மேட்டுல ஏறி இறங்குறது போதாதா?" நியாயமான கேள்வி. இதற்குச் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டால், எந்த மெஷின் வாங்குவது என்பதும் பாதி முடிவாகிவிடும்.

கார்டியோ என்பது காலிலும் இடுப்பிலும் உள்ள பெரிய தசைகளை ஒரே தாளத்தில், நிறுத்தாமல் இயக்குவது. அப்படி இயக்கும்போது இதயத் துடிப்பும் மூச்சும் கூடும். கூடிய அந்த அளவில் அவற்றைக் கொஞ்ச நேரம் நிலையாக வைத்திருப்பதில்தான் பலன் இருக்கிறது. சில வாரங்கள் இப்படித் தொடர்ந்தால், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. அதனால் சும்மா இருக்கும்போது துடிக்க வேண்டிய தடவைகள் குறைகின்றன. வேலை செய்யும் தசை இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்கிறது. அதற்கு இன்சுலினை முழுக்க நம்பியிருக்க வேண்டியதில்லை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு டாக்டர்மார் நடக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கிய காரணம். பிரஷரும் மெல்ல இறங்கும்.

இனி நம்ம ரோட்டைப் பாருங்கள். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் ஐந்து நிமிடத்திலேயே மூச்சு முட்டிவிடும். நின்று, இடுப்பில் கை வைத்து, மூச்சு விட்டு, மறுபடி ஏற வேண்டும். இறங்கும்போது நெஞ்சுக்கு வேலையே இல்லை. பாரமெல்லாம் முழங்காலுக்குப் போகிறது. இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துவதால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். வயதானவர்கள் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆக, ஏறினால் அளவுக்கு மிஞ்சிப் போகிறது, இறங்கினால் அளவே எட்டவில்லை. நெஞ்சுக்கு வேண்டிய நடுத்தர வேகத்தைத் தொடர்ந்து அரை மணி நேரம் தரும் சமதரை நம்மில் பலருக்கு வீட்டுப் பக்கத்தில் கிடையாது. வீட்டு மெஷின் தரும் பெரிய வசதி அந்தச் சமதரைதான். எவ்வளவு கடினம் வேண்டும் என்பதை மலை தீர்மானிக்காது, நாமே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். காலையிலிருந்து பின்னேரம் வரை மலையில் நின்று கொழுந்து பறித்து, முதுகில் பாரத்தோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஏறி இறங்கி வரும் ஒரு பெண்ணுக்கு ட்ரெட்மில் தேவையில்லை. அவருக்குத் தேவை ஓய்வும் நல்ல சாப்பாடும். மெஷின் தேவைப்படுவது கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு, ஆசிரியருக்கு, வங்கியில் வேலை செய்பவருக்கு, பாடசாலை விட்டு டியூஷன், டியூஷன் விட்டு போன் என்றிருக்கும் பிள்ளைக்கு, வேலையை விட்டு வீட்டோடு இருந்து சீனியும் பிரஷரும் வந்துவிட்ட அப்பா அம்மாவுக்கு. இவர்களுக்கு வெளியே நடக்கவும் தடைகள் நிறைய. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கத்தை விடாது. டிசம்பர் வாக்கில் வடகீழ்ப் பருவமழை பதுளை, பசறைப் பக்கம் வந்துவிடும். இருட்டு விழுந்த பிறகு தேயிலை மலைக்குள் சிறுத்தைப் பயம். வளைவு ரோட்டில் பனிமூட்டத்துக்குள் பஸ் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது.

எவ்வளவு செய்தால் போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர அளவிலான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான பயிற்சி. ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லப்பட்டது. 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். காலையில் எட்டு நிமிடம், பின்னேரம் பன்னிரண்டு நிமிடம் என்று பிரித்துச் செய்தாலும் சேரும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய ஆறுதல்.

நடுத்தரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். பயிற்சியின் நடுவே பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் நடுத்தரம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சுக்கு நிற்க வேண்டி வந்தால் கடுமை. 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் முறையைப் பலரும் சொல்வார்கள். அது குத்துமதிப்புத்தான், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். அதோடு பிரஷருக்கு அட்டனொலோல், பிசோப்ரொலோல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு எவ்வளவு முயன்றாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அந்த எண்ணை எட்டவேண்டும் என்று அவர்கள் மிதித்துத் தள்ளுவது ஆபத்து. பேச்சுச் சோதனை எல்லோருக்கும் பொருந்தும்.

உயரமும் ஒரு விஷயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது பெரிதாகத் தெரியாது. கொழும்பில் வேலை செய்துவிட்டு லீவில் வரும் மகன் அதே மெஷினில் அதே வேகத்தில் ஏறினால் முதல் சில நாட்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். அது இயல்பு. வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

முதலில் அறையை அளங்கள்

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள். பழைய லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் கட்டிலும் அலுமாரியும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இஸ்தோப்பில் வைக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். சாரல் அடிக்காத, பூட்டக்கூடிய இஸ்தோப்பு என்றால் சரி, இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே துரு பிடித்துவிடும். நீள அகலத்தோடு உயரத்தையும் பாருங்கள். தகரக்கூரை சரிந்து இறங்கும் பக்கத்தில் ட்ரெட்மில்லோ கிராஸ் ட்ரெய்னரோ (நின்றபடியே பலகையை மிதித்து, கைப்பிடியையும் தள்ளி இழுக்கும் மெஷின்) போட்டால் அதன்மேல் ஏறி நிற்கும்போது தலை இடிக்கும். பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே சுவர், அதுவும் கூரை வரை எழும்பாத சுவர் என்றால், விடியற்காலை ஐந்து மணிக்குக் குதிக்கும் சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். சண்டை வந்தால் பயிற்சி நின்றுவிடும்.

விறகடுப்பு எரியும் நேரத்தையும் கவனியுங்கள். புகை சூழ்ந்த அறையில் ஆழமாக மூச்சு இழுத்துப் பயிற்சி செய்வது நெஞ்சுக்குச் செய்யும் கெடுதல்தான். அடுப்பு அணைந்து, ஜன்னல் திறந்து, காற்று மாறிய பிறகு ஏறுங்கள்.

அடுத்து, மெஷின் எப்படி வீட்டுக்கு வரும் என்று யோசியுங்கள். கடைக்காரர்களின் டெலிவரி பெரும்பாலும் வாகனம் வரும் ரோட்டோடு முடிந்துவிடும். அங்கிருந்து படிக்கட்டிலும் ஒற்றையடிப் பாதையிலும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பெட்டியில் வரும் சைக்கிள் மெஷின் பெரும்பாலும் 20, 30 கிலோ. இரண்டு பேர் கொண்டுவந்துவிடலாம். ட்ரெட்மில் என்றால் 50 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். நாலு பேர் வேண்டும், கால் வழுக்கினால் ஆளுக்கும் ஆபத்து.

என் தேர்வு: காந்த சைக்கிள்

முதன்முதலாக வாங்குபவர் என்னிடம் கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நான் சொல்வது காந்தத்தால் இறுக்கம் தரும் சைக்கிள் மெஷின். ஏன் என்று சொல்கிறேன்.

சைக்கிள் மெஷினில் நீங்கள் மிதிக்கும்போது உள்ளே ஒரு பாரமான சக்கரம் சுழல்கிறது. அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் சக்திதான் உங்களுக்கு ஏற்றம் போலத் தெரியும் இறுக்கம். விலை குறைந்த மெஷின்களில் ஒரு பட்டியோ கம்பளித்துண்டோ சக்கரத்தில் உரசி இதைச் செய்யும். உரசுவதால் சத்தம் வரும், தேயும், சில மாதத்தில் இறுக்கம் மாறிவிடும். காந்த மெஷினில் எதுவும் சக்கரத்தைத் தொடாது. உலோகச் சக்கரம் காந்தப்புலத்துக்குள் சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டமே சுழற்சியை எதிர்க்கிறது. குமிழைத் திருப்பினால் ஒரு கம்பி காந்தத்தைச் சக்கரத்துக்குக் கிட்ட இழுக்கும், இறுக்கம் கூடும். தேய்மானம் மிகக் குறைவு, சத்தமும் அப்படித்தான். குமிழ் வைத்த சாதாரண மாடலுக்குக் கரண்ட் தேவையில்லை. திரைக்கு மட்டும் இரண்டு சின்ன பேட்டரி. 2022-இல் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தை நாம் மறக்கவில்லை. காற்று அடித்து மரம் விழுந்தால் இன்றைக்கும் மலைநாட்டில் லைன் போய்விடுகிறது. அந்த நேரத்திலும் மிதிக்கலாம்.

முழங்காலுக்கும் இது இதமானது. உடம்புப் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது. ஆனால் இருக்கையின் உயரம் சரியாக இருக்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால்தான் "சைக்கிள் ஓட்டி முழங்கால் நோவு வந்துவிட்டது" என்கிறார்கள். இருக்கையில் உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக வர வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். தாழ்வாக வைத்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், உயரமாக வைத்தால் இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் பக்கவாட்டில் ஆடும். வீட்டில் மூன்று பேர் பாவிப்பதானால் மூவருக்கும் பொருந்தும் இருக்கைத் தண்டின் துளை எண்ணையும் ஒரு துண்டில் எழுதி மெஷினில் ஒட்டிவிடுங்கள்.

இடுப்பு நோவு உள்ளவருக்கும், நல்ல பருமனானவருக்கும், வயதானவருக்கும் முதுகுச் சாய்மானம் வைத்த சைக்கிள் இன்னும் நல்லது. இடம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், விலையும் கூட. சாய்வில்லாத சாதாரண சைக்கிள் இரண்டடிக்கு நாலடி இடத்தில் அடங்கும். முன்னால் குனிந்து ஓட்டும் ரேஸ் மாடல் சைக்கிளை இப்போது விட்டுவிடுங்கள். அதன் இருக்கையில் பத்து நிமிடம் இருப்பதே புதியவருக்குக் கஷ்டம். உட்கார முடியாத மெஷினில் யாரும் மறுநாள் ஏறுவதில்லை.

ட்ரெட்மில் பற்றிக் கொஞ்சம் விரிவாக

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நடப்பது எல்லோருக்கும் தெரியும், புதிதாகப் பழக எதுவும் இல்லை என்பதால் அந்த ஆசை வருகிறது. நல்ல ட்ரெட்மில் நல்ல மெஷின்தான். ஆனால் மலையகத்து வீட்டில் அதற்கு எதிரிகள் கூட.

முதல் எதிரி கரண்ட். நம்ம நாட்டு மின்சாரம் 230 வோல்ட். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இரவு ஏழு மணி வாக்கில் அது நன்றாக இறங்கிவிடும். பல்ப் மங்குவதைப் பார்த்தாலே தெரியும். அப்படி ஏறி இறங்கும் கரண்ட்டில் ட்ரெட்மில்லின் மோட்டார் போர்ட் சீக்கிரம் எரியும். வாங்குவதாக இருந்தால், எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு மின்சார வேலைக்காரரைக் கொண்டு பார்த்து, சுவரில் உள்ள 13 அம்பியர் பிளக்கில் நேரடியாகக் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமின்னல் நமக்குப் பழக்கம். பயிற்சி முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய மெஷின் என்றால் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். அமெரிக்காவில் பாவித்தது 120 வோல்ட்டுக்குச் செய்தது. அதை அப்படியே நம்ம பிளக்கில் கொடுக்கக்கூடாது.

பில் பயப்படும் அளவுக்கு வராது. நடக்கும் வேகத்தில் மெஷின் 600 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் அரை மணி நேரத்துக்கு மாதம் 9 யூனிட். ஆனால் நம்ம பில் படிப்படியாக ஏறும் முறை. அந்த 9 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளினால் விலையோடு நிலையான கட்டணமும் கூடும். கடந்த சில மாதப் பில்லை எடுத்துப் பாருங்கள்.

மோட்டாரின் குதிரைவலுவை வைத்துக் கடைக்காரர் பெருமையாகப் பேசுவார். அது உச்சமா, தொடர்ச்சியா என்று கேளுங்கள். உச்சக் கணக்கு ஒரு நொடிக்கு எட்டுவது. நமக்கு வேண்டியது தொடர்ந்து தரும் வலு. நடப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு வரை போதும், ஓட வேண்டுமானால் இரண்டரைக்கு மேல். ஓடுபவருக்குப் பட்டியின் நீளம் 120 சென்டிமீட்டருக்குக் குறையவே கூடாது. உயரமானவருக்கு அதுவும் போதாது. எந்த மெஷினானாலும் அது தாங்கும் எடை உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூட இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓடும் பட்டிக்குள் விரல் போகும் ஆபத்து உண்டு. சட்டையில் கொழுவிக்கொள்ளும் பாதுகாப்புச் சாவியைப் பாவியுங்கள். பயிற்சி முடிந்ததும் அந்தச் சாவியைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சீனியால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு ஏறவே கூடாது. தோல் உரசிப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. சாரத்தோடும், தொங்கும் சோலோடும் எந்த மெஷினிலும் ஏற வேண்டாம்.

கைப்பிடி இல்லாமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிடக்கூடிய நடைப் பட்டிகளும் இப்போது வருகின்றன. இடத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் பிடிக்க எதுவும் இல்லாததால் தள்ளாடுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மற்றவை

கிராஸ் ட்ரெய்னரில் பாதம் பலகையை விட்டு எழும்பாது, அதனால் அதிர்ச்சி குறைவு, கையும் சேர்ந்து வேலை செய்யும். நல்லது வாங்கினால் நல்லது. மலிவானது ஆடும், கிரீச்சிடும். துடுப்பு மெஷின் முழு உடம்புக்கும் சிறந்த பயிற்சி. ஆனால் எட்டடி நீளம் வரை கேட்கும், இழுக்கும் முறை தெரியாவிட்டால் இடுப்பைப் பதம் பார்க்கும். மேசைக்கடியில் வைக்கும் குட்டிப் பெடல், கால் அசைய வேண்டிய முதியவருக்கு உதவும். நடுத்தர அளவுக்கு மூச்சு வாங்க வைக்க அது பெரும்பாலானோருக்குப் போதாது.

ஸ்கிப்பிங் கயிறு மிக மலிவு, ஆனால் தொடக்கத்துக்கு அல்ல. சீமெந்துத் தரையில் குதிப்பதைப் பழக்கமில்லாத முழங்காலும் குதிகாலும் தாங்காது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரி.

கையில் காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. தச்சரிடம் சொல்லி 15 சென்டிமீட்டர் உயரத்தில், ஆடாத, அகலமான ஒரு மரப்படி செய்துகொள்ளுங்கள். அடியில் ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 20 தடவை வீதம் ஏறி இறங்கினால் அது நடுத்தரப் பயிற்சிக் கணக்கில் வந்துவிடும். ஒரு பாட்டைப் போட்டுத் தாளத்துக்கு ஏறலாம். சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ளவும் வசதி. முழங்கால் நோவு இல்லாதவர்கள் மெஷின் வாங்குமுன் ஒரு மாதம் இதைச் செய்து பார்ப்பது நல்லது. அந்த ஒரு மாதத்தில், எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவருகிறது, வீட்டில் யார் கூட வருவார்கள் என்றெல்லாம் தெரிந்துவிடும்.

வாங்கும்போதும் பிறகும்

2022-இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதி மெஷின்களின் விலை எகிறிவிட்டது. அதனால் இக்மன் போன்ற விளம்பர இணையத்தளங்களில் பழையதைத் தேடுவது புத்திசாலித்தனம்தான். படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாமல் நேரில் போங்கள். சைக்கிள் என்றால் ஐந்து நிமிடம் மிதியுங்கள். பெடல் தண்டில் டக் டக் சத்தம் வந்தால் பெயாரிங் போயிருக்கிறது. குமிழை முழுக்கத் திருப்பியும் இறுக்கம் மாறாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கும். இருக்கைத் தண்டை வெளியே இழுத்து உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் முதலில் துரு பிடிப்பது அங்கேதான். புதிதாக வாங்கினால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், திருத்துபவர் கண்டியிலிருந்து வருவாரா, இல்லை நாம்தான் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்று பில்லுக்கு முன் கேளுங்கள்.

ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் ரப்பர் விரிப்புப் போட்டு வையுங்கள். வியர்வை உப்பும் பனியும் சேர்ந்தால் இரும்பு தாங்காது, முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். திரை காட்டும் கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பாட்டை மாற்றாதீர்கள், அது வெறும் மதிப்பீடு. நிமிடக் கணக்கு மட்டும் போதும்.

நெஞ்சு நோவு, சின்ன வேலைக்கே மூச்சு வாங்குதல், மயக்கம், கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்ற பிரிவில் சீனி, பிரஷர், எடையை இலவசமாகப் பார்ப்பார்கள். இன்சுலின் போடுபவர்கள் பக்கத்தில் இனிப்பாக எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சை அழுத்துவது போலவோ, இடது கைக்கோ தாடைக்கோ நோவு ஏறுவது போலவோ இருந்தால் உடனே நிறுத்தி 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

தொடங்கும் முறை எளிது. ஜனவரிக் காலைக் குளிரில் தசை இறுகியிருக்கும், அதனால் முதல் ஐந்து நிமிடம் இறுக்கமே இல்லாமல் மெதுவாக. பிறகு பேச முடிகிற வேகத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம். கடைசியில் சட்டென்று இறங்காமல் மூன்று நிமிடம் மெல்ல ஓட்டி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும். வாரத்துக்கு நாலு நாள் போதும். ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போய், முப்பது நிமிடத்தை எட்டிய பிறகு குமிழை ஒரு படி திருப்புங்கள். நேரத்தையும் இறுக்கத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம்.